எண்ணெய் இல்லாத ஒரு பிடி மண்

எனக்கு வயது இருபத்தொன்பது. போன மாதம் எனக்குப் பணி ஓய்வுப் பாராட்டு விழா நடத்தினார்கள்.

நடந்தது இதுதான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு தனியார் மண் பரிசோதனைக் கூடத்தில் களப்பணியாளராக இருந்தேன். அரசுப் பள்ளி ஒன்றில் ஆய்வக உதவியாளர் வேலை கிடைத்ததால் விலகினேன். பேனர் அடிக்கப் போன சக ஊழியர்கள் கடைக்காரரிடம், "அண்ணன் வேலையை விட்டுப் போறாரு" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். அதற்கென்று அவரிடம் இருந்தது ஒரே ஒரு மாதிரிதான். அதில் என் படத்தை ஒட்டி, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்து, "அயராது உழைத்து ஓய்வு பெறும் அண்ணன் பேரப்பிள்ளைகளுடன் நலமாக வாழ்க" என்று அடித்துக் கொடுத்துவிட்டார். எனக்கு இன்னும் பெண்ணே பார்க்கவில்லை.

ஸ்டீல் கம்பெனியில் லோடு ஏற்றும் என் அப்பாவும் விழாவுக்கு வந்திருந்தார். அவருக்கு எழுத்து தெரியாது. எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த முதல் ஆள் நான்தான். பேனரை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இன்னாடா எழுதிக்கீது?" என்றார்.

"நல்லா இருன்னு எழுதியிருக்குப்பா."

"அதுக்கா இவ்ளோ பெருசு?"

சால்வை போட்டார்கள். சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். பிறகு புதிதாகச் சேர்ந்தவர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு, "அண்ணா, அந்தக் காலத்துல மண்ணு எப்படி எடுத்தீங்க, கொஞ்சம் எழுதிக் குடுங்களேன்" என்று கேட்டார்கள். அந்தக் காலம் என்று அவர்கள் சொன்னது போன வருடத்தை. இப்போது கூடத்தில் கையடக்கக் கருவி ஒன்று வாங்கிவிட்டார்கள். மண்ணில் வைத்தால் எண்ணெய் எவ்வளவு என்று அங்கேயே சொல்லிவிடுமாம். எங்களுக்கு அந்த வசதி இல்லை. எங்களிடம் கரண்டியும் கண்ணாடி ஜாடியும் வத்சலா மேடத்தின் மூக்கும்தான் இருந்தன. ஆகவே எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நிறைய ஜாடி கழுவினேன். சில ஜாடிகளை உடைத்தேன். பிறகு வயலுக்கு அனுப்பினார்கள்.

வத்சலா மேடம் எங்கள் கூடத்தின் தலைமை ஆய்வாளர். யாரையும் திட்ட மாட்டார். நாம் சொல்வதைக் கேட்டுவிட்டு "அப்படியா?" என்பார். முதல் அப்படியா என்றால் கேட்டுக்கொண்டார் என்று பொருள். இரண்டாவது அப்படியா வந்தால் நமக்கே சந்தேகம் வந்துவிடும். மூன்றாவது அப்படியாவுக்கு நான் எத்தனையோ முறை பையை எடுத்துக்கொண்டு வயலுக்குத் திரும்பியிருக்கிறேன். அவருடைய மூக்கு வேறு ரகம். மதியம் டிபன் பாக்ஸ்களைத் திறக்கும் முன்பே யார் வீட்டில் கடலை எண்ணெய், யார் வீட்டில் பாமாயில் என்று சொல்லிவிடுவார். அதனாலேயே எங்களில் சிலர் மரத்தடியில் போய்ச் சாப்பிடுவார்கள்.

அவர் போட்ட சட்டங்களில் முக்கியமானது எண்ணெய் விரதம். மண் எடுக்கப் போகும் நாளில் தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது. கைக்கு எதுவும் பூசக் கூடாது. போகும் வழியில் பஜ்ஜி, போண்டா, வடை எதையும் தொடக் கூடாது. நாம் தேடிப் போவதே எண்ணெயை. நம் கையிலிருந்தே அது மண்ணில் ஒட்டினால் கணக்குத் தப்பிவிடும். நான் சீயக்காய் போட்டு அலசிய தலையோடு, துடைப்பம் போலச் சிலிர்த்துக்கொண்டு கிளம்புவேன். அம்மாவுக்கு இது தாங்காது.

"தலைய இப்படி வச்சிக்கினு போவாத. ஊட்ல யாருக்கோ இன்னாவோ ஆயிட்ச்சுன்னு நெனைப்பாங்க."

"மண்ணுல எண்ணெய் பட்டுடும்மா."

"நானுந்தான் அந்தக் காலத்துல நாத்து நட்டேன். எண்ணெய் தேச்சிக்கினுதான் நட்டேன். மண்ணு இன்னா கோச்சிக்கினா போச்சு?"

மண் எடுக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். மேலே இருக்கிற புல்லையும் சருகையும் ஒதுக்க வேண்டும். ஆங்கில 'வி' எழுத்து போலப் பள்ளம் பறித்து, அதன் சரிவை மேலிருந்து கீழாகச் சீவி எடுக்க வேண்டும். வரப்போரம், எருக்குவியல், மரநிழல் கூடாது. வயலில் நேராக நடக்காமல் வளைந்து வளைந்து நடந்து பல இடங்களில் எடுத்து, ஒன்றாகக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டைத் தள்ளிவிட வேண்டும். மீதியைத் திரும்பவும் கலக்க வேண்டும். ஜாடி அளவுக்கு வரும்வரை இதையே செய்ய வேண்டும். பிளாஸ்டிக்கில் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும் என்பதால் கண்ணாடி ஜாடிதான். ஓர் இடத்தில் பட்ட கரண்டியைக் கரைப்பான் ஊற்றிக் கழுவாமல் இன்னோர் இடத்தில் வைக்கக் கூடாது.

கச்சா எண்ணெய் ஊறிய மண்ணைக் கண்ணாடி ஜாடியில் போட்டால் பார்க்க எப்படி இருக்கும் என்பது எனக்குப் பஸ்ஸில்தான் தெரிந்தது. பக்கத்து சீட் பெரியவர் என் மடியில் இருந்த ஜாடிகளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"கோங்குரா ஊறுகாயா நைனா?"

நான் பதில் சொல்வதற்குள் ஒரு மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டார். மூக்கைச் சுருக்கினார். பிறகு மூடிக் கொடுத்துவிட்டு, "எண்ணெய் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார்.

அந்த ஜாடிகள் முனிரத்தினம் அண்ணனுடைய வயலில் எடுத்தவை. நான் சொல்ல வந்த வழக்கே அதுதான்.

தேர்வாய் கண்டிகைக்குப் போகும் வழியில் உள்ள ஒரு ஊரில் அவருக்கு ஒரே ஒரு நெல்வயல். அதன் அடியில் ஒரு கம்பெனியின் கச்சா எண்ணெய்க் குழாய் போகிறது. ஒருநாள் காலையில் வாய்க்கால் ஓரமாகக் கருப்பாக ஏதோ பொங்கி வந்தது. கொப்பளித்து வந்ததைப் பார்த்ததும் ஊருக்குக் குழாய் நினைவு வரவில்லை. முனிரத்தினத்தின் நிலத்தில் பெட்ரோல் கிடைத்துவிட்டது என்று செய்தி பரவியது. ஆட்கள் கேனோடு வந்தார்கள். டீக்கடையில் பெஞ்சைத் துடைத்து உட்கார வைத்தார்களாம். எப்போதும் பேசாத சம்பந்தி போன் செய்து நாஷ்டாவுக்கு அழைத்தாராம்.

"ஒரு காலை முழுக்க நான் அரபு ஷேக்கு நைனா" என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். "அப்புறம் குழாய் பாக்குற ஆளு சைக்கிள்ள வந்தான். வாயில விசிலு. குழாய் ஒடஞ்சிகீதுன்னான். அவ்ளோதான், சம்பந்தி போனை எடுக்கவே இல்ல."

கம்பெனி குழாயை அடைத்தது. மேலே நின்ற எண்ணெயை லாரி வைத்து உறிஞ்சியது. பிறகு செம்மண் கொண்டுவந்து ஒரு பரப்புப் பரப்பி, வேலை முடிந்தது என்று போய்விட்டது. முனிரத்தினம் நாற்று நட்டார். நாற்று மஞ்சளாகி அப்படியே நின்றது. கம்பெனியில் கேட்டதற்கு யூரியா பற்றவில்லை என்றார்கள்.

மண் என்பது கெட்டியாகத் தெரிந்தாலும் அதில் ஏறக்குறைய பாதி காலி இடம். காற்றும் தண்ணீரும் குடியிருப்பது அந்தச் சந்துகளில்தான். கச்சா எண்ணெய் அவற்றை அடைத்துக்கொண்டு, ஒவ்வொரு மண்துகளுக்கும் மழைக்கோட்டு மாட்டிவிடுகிறது. அதற்குப் பிறகு தண்ணீர் பாய்ச்சினால் மண் குடிக்காது. வேருக்கு மூச்சு முட்டும். எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணிலேயே உண்டு. ஆனால் அவை எண்ணெயைத் தின்னும்போது தொட்டுக்கொள்ளத் தழைச்சத்தையும் எடுத்துக்கொள்ளும். பயிருக்கு ஒன்றும் மிஞ்சாது. மேலே எவ்வளவு செம்மண் போட்டாலும் கீழே இந்த விருந்து நடந்துகொண்டேதான் இருக்கும்.

இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டு எங்கள் கூடத்துக்கு வந்தார்கள். வயலில் எண்ணெய் அதிகம் என்று நாங்கள் அறிக்கை கொடுத்தால் கம்பெனி மண்ணைச் சீர்செய்து தர வேண்டும். சாதாரணம்தான் என்று கொடுத்தால் அதோடு கோப்பை மூடிவிடுவார்கள். முனிரத்தினம் அண்ணனுக்கு அதைவிட்டால் வேறு நிலம் இல்லை.

அதிகம் என்றால் எதைவிட அதிகம் என்ற கேள்வி வரும். அதனால் எண்ணெய் படாத, அதே வகை மண் ஒன்றையும் பக்கத்திலேயே எடுத்து ஒப்பிட வேண்டும். அதைத்தான் ஒப்பீட்டு மண் என்கிறோம். அதை எங்கே எடுப்பது என்று இரண்டு தரப்பும் கூடித் தீர்மானிக்க வேண்டும்.

கம்பெனி சார்பில் கதிரேசன் சார் என்ற பொறியாளர் வந்திருந்தார். நெற்றி நிறைய விபூதி. சட்டைப் பையிலும் ஒரு பொட்டலம் விபூதி. அவரும் முனிரத்தினமும் வந்ததிலிருந்து எல்லாவற்றுக்கும் சண்டை. நிழலில் யார் நிற்பது என்பதற்குக்கூடச் சண்டை.

"எந்தக் கலப்படமும் இல்லாத மண்ணு வேணும்" என்றார் கதிரேசன் சார். "உரம் போட்டிருக்கக் கூடாது. மருந்து அடிச்சிருக்கக் கூடாது. வண்டி ஏறியிருக்கக் கூடாது."

"அப்படின்னா சாமி மூலைதான்" என்றார் முனிரத்தினம்.

அடுத்த வயலின் ஈசானிய மூலையில் ஏழு கன்னிமார் கற்கள் இருந்தன. அந்த மூலையை யாரும் உழுவதில்லை. உரம் போடுவதில்லை. செருப்புக் காலோடு மிதிப்பதுகூட இல்லை. கதிரேசன் சார் அங்கே பார்த்ததுமே கைகளைக் கூப்பிவிட்டார்.

"இதைவிடச் சுத்தமான எடம் எங்க இருக்கு?" என்றார்.

அன்று காலையிலிருந்து அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது. எனக்கும் சரியென்றே பட்டது. மண் கருப்பாக, மெத்தென்று இருந்தது. வளமான மண் என்று மூவரும் தலையாட்டிக்கொண்டோம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் எடுத்தேன்.

கூடத்தில் மண்ணைக் காயவைத்து, கரைப்பானில் எண்ணெயை இறக்கி, கரைப்பானை ஆவியாக்கிவிட்டு, குடுவையின் அடியில் தங்கியதை எடைபோட்டோம். சாமி மூலை மண்ணில், குழாய் உடைந்த வயலில் இருந்ததைவிட அதிக எண்ணெய் இருந்தது.

கதிரேசன் சார் மறுநாளே வந்துவிட்டார். முகத்தில் அப்படியொரு மலர்ச்சி. "பாத்தீங்களா மேடம். சாதாரண மண்ணைவிட எங்க எண்ணெய் விழுந்த மண்ணு சுத்தமா இருக்கு."

"அப்படியா?" என்றார் மேடம்.

முனிரத்தினம் அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். "ஏன் சார், அப்ப பக்கத்து வயலுக்கும் ரெண்டு கேன் ஊத்துங்களேன். அதுவும் சுத்தமாவட்டும். உங்க ஊட்டுத் தோட்டத்துக்கும் கொஞ்சம் ஊத்துங்க."

"ரிப்போர்ட் சொல்றதைத்தான் நான் சொல்றேன்."

"நாத்து மஞ்சளா நிக்குது சார். அதுங்க ரிப்போர்ட்டு படிக்கல."

"அப்படியா?" என்று இரண்டாவது முறையாகச் சொன்ன மேடம் எழுந்து போய் அந்தக் குடுவையை எடுத்து வந்தார். மூக்கருகே வைத்தார். கண்ணை மூடினார். பிறகு அதைக் கதிரேசன் சாரிடம் நீட்டினார்.

"சார், இது உங்க குழாய்ல வர்ற எண்ணெயான்னு சொல்லுங்க."

கதிரேசன் சார் முகர்ந்தார். மலர்ச்சி மெல்ல இறங்கியது. "மேடம்... இது நல்லெண்ணெய்."

"கற்பூரமும் கொஞ்சம் இருக்கு" என்றார் மேடம்.

முனிரத்தினம் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். ஆடி மாதத்தில் ஊர்ப் பெண்கள் எல்லாரும் கன்னிமாருக்கு எண்ணெய்க்காப்பு செய்வார்கள். கொண்டுபோன எண்ணெயில் மிச்சத்தை வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவரக் கூடாது என்பது அங்கே வழக்கம். எல்லாம் அந்தக் கல்லடியில்தான் இறங்கும். தலைமுறை தலைமுறையாக ஊர் அந்த மூலைக்கு எண்ணெய் ஊட்டி வந்திருக்கிறது. எங்கள் முறைக்கு எண்ணெய் என்றால் எண்ணெய்தான். குழாயில் வந்ததா, செக்கில் வந்ததா என்று அது கேட்காது.

"அன்னிக்கு நானும் ஒரு பாக்கெட் ஊத்தினேன்" என்றார் கதிரேசன் சார், என்னைப் பார்த்துத் தாழ்ந்த குரலில். "நீங்க அந்தப் பக்கம் கரண்டி கழுவிட்டிருந்தீங்க. நல்லபடியா முடியணும்னு வேண்டிக்கிட்டு..."

"யோவ்!" என்றார் முனிரத்தினம். "குழாய்ல ஊத்தினது பத்தாதுன்னு பாக்கெட்ல வேற ஊத்துனியா?"

"பக்தியில ஊத்தினேன்யா!"

செக்கு எண்ணெயைத் தனியே பிடித்து நிறுத்த ஒரு வழி இருந்தது. சிலிக்கா என்ற வெண்மையான தூளில் கலக்கினால் அது நல்லெண்ணெயை இழுத்துக்கொள்ளும். கச்சா எண்ணெயில் பெரும்பகுதி தப்பி வந்துவிடும். மேடம் அதைச் செய்து காட்டினார். சாமி மூலை மண்ணில் கணக்கு ஒன்றுமில்லை என்கிற அளவுக்கு வந்தது. ஆனால் கதிரேசன் சார், பாதியில் முறையை மாற்றினால் தலைமை அலுவலகம் ஒப்பாது, முதல் முறைப்படியே வேறு மண் எடுத்துச் செய்யுங்கள் என்றார். அதுவும் நியாயம்தான். அடுத்த வாரம் மேடமே எங்களோடு கிளம்பினார்.

எண்ணெய் படாத மண்ணை அந்த ஊரில் கண்டுபிடிப்பது இவ்வளவு பேஜாராக இருக்கும் என்று யார் நினைத்தோம்? முதலில் பார்த்த வயல்காரர் நெளிந்தார். பயிரில் கூண்டுப்புழு வந்ததாம். தேங்கிய தண்ணீரில் மண்ணெண்ணெய் ஊற்றி, பயிரின் மேல் கயிறு இழுத்துப் புழுவை உதிர்த்தாராம். அடுத்த வயலில் டிராக்டர் மாட்டிக்கொண்டு, அங்கேயே என்ஜின் ஆயிலை இறக்கி வேலை பார்த்திருக்கிறார்கள். மூன்றாவது வயலில் மேடம் கரண்டியை வைக்கும் முன்பே நின்று, "இங்க வடை சுட்டாங்களா?" என்றார். காதுகுத்துக்குப் பந்தல் போட்டது அங்கேதானாம். சமையல்காரர் வாணலியைக் கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறார். வயலுக்குச் சொந்தக்காரர் பயந்துபோய் மேடத்தைக் கும்பிட்டார்.

மேடம் ஒரு சின்னச் சோதனை சொன்னார். நன்றாகக் காய்ந்த மண்கட்டியின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட வேண்டும். எண்ணெய் ஊறிய மண் என்றால் சொட்டு முத்துப் போல மேலேயே நிற்கும். நல்ல மண் உடனே குடித்துவிடும். முனிரத்தினத்தின் வயல் கட்டியில் விட்டுக் காட்டினார். சொட்டு நின்றது. நின்றுகொண்டே இருந்தது. கதிரேசன் சார் குனிந்து அதில் தன் முகத்தையே பார்த்தார். யூரியா என்ற வார்த்தையை அதற்குப் பிறகு அவர் சொல்லவில்லை.

ஊரே கட்டிகளைக் கொண்டுவர ஆரம்பித்தது. எல்லாருக்கும் தங்கள் மண்ணுக்குச் சர்டிபிகேட் வேண்டும். அப்போது டீக்கடைக்காரர் கேட்டார்.

"கேஸ் நெலத்துல பாத்தீங்களா?"

தேவராஜ், ஜெயராமன் என்று அண்ணன் தம்பி இருவர். அப்பா போனதிலிருந்து பாகப்பிரிவினை வழக்கு. இவர் ஏர் பூட்டினால் அவர் மறிப்பார். அவர் மருந்து அடித்தால் இவர் போலீசுக்குப் போவார். ஆகவே பல வருடமாக அந்த வயலில் ஒரு சொட்டு எதுவும் விழவில்லை. சாமியால் காப்பாற்ற முடியாத மண்ணைப் பங்காளிச் சண்டை காப்பாற்றியிருந்தது. சாமி மூலையைவிடப் பயபக்தியோடு நாங்கள் அங்கே போனோம்.

இருவரையும் வரவழைத்தோம். ஆளுக்கு ஒரு வரப்பில் நின்றார்கள்.

"என் பங்குல எடுக்கச் சொல்லுங்க" என்றார் தேவராஜ், தம்பியைப் பார்க்காமல்.

"உன் பங்கு எதுன்னு கோர்ட்டுக்கே தெரியல" என்றார் ஜெயராமன், மேடத்தைப் பார்த்து.

"வளைஞ்சு வளைஞ்சு நடந்து எல்லா எடத்துலயும் எடுப்போங்க. கடைசில ஒண்ணாக் கலந்துடுவோம்" என்றேன் நான்.

"கலக்கறதா? அப்புறம் எப்படிப் பிரிப்பீங்க?"

வெயில் ஏறியது. முனிரத்தினம் அண்ணனுக்கு முகம் வாடிவிட்டது. அந்த மண்ணும் கிடைக்காமல் போனால் அவருடைய வயல் அப்படியே கிடந்து போகும். கதிரேசன் சாருக்கு மணி பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. "முடியலைன்னா விடுங்க, இந்த மண்ணுலயும் எண்ணெய் இருக்கும்னு எழுதிக்கலாம்" என்றார்.

தேவராஜ் சட்டென்று திரும்பினார். "இன்னா சொன்னீங்க? எங்கப்பன் மண்ணுல எண்ணெயா?"

"இருக்கலாம்னு..."

"டேய் ஜெயராமா! இந்தாளு சொல்றதைக் கேட்டியா?"

"கேட்டுக்கினுதான் கீறேன்" என்று ஜெயராமன் வரப்பிலிருந்து இறங்கி என்னிடம் வந்தார். "தம்பி, நீ எங்க வேணா வெட்டு. எப்படி வேணா கலக்கு. ஒரு சொட்டு எண்ணெய் இருந்தா நான் கேஸை வாபஸ் வாங்கறேன்."

"நான் சொல்ல வேண்டியத அவன் சொல்றான்" என்றார் தேவராஜ். ஆனாலும் அவரே கரண்டியை வாங்கி முதல் பள்ளத்தைப் பறித்தார்.

அந்த மண்ணில் ஒரு சொட்டு இல்லை. ஆகவே வழக்கும் தொடர்ந்தது. முதல் முறையின்படியே பார்த்தாலும் முனிரத்தினத்தின் வயலில் எண்ணெய் பல மடங்கு என்று அறிக்கை போனது. கதிரேசன் சார் ஒரு வார்த்தை மறுக்காமல் கையெழுத்துப் போட்டார்.

சீர்செய்யும் வேலை பார்ப்பதற்குப் பெரிய விஞ்ஞானம் மாதிரி இருக்காது. செம்மண்ணைச் சுரண்டி எடுத்தார்கள். சாணி எருவும் நறுக்கிய வைக்கோலும் கொட்டி, தழைச்சத்து சேர்த்து, ஈரம் காயாமல் திரும்பத் திரும்பக் கிளறினார்கள். எண்ணெயைத் தின்னும் உயிர்களுக்குக் காற்றும் தீனியும் கொடுப்பதுதான் வேலை. கம்பெனி ஆட்கள் தலைக்கவசம் போட்டுக்கொண்டு சாணியை மிதிப்பதைப் பார்க்கப் பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் வந்தார்கள். கதிரேசன் சார் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு மேற்பார்வை செய்தார். அடுத்து பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார்கள். முனிரத்தினம் அண்ணன் அந்தப் போகத்தில் நெல்லே போடவில்லை. தினமும் போய் வயலைப் பார்த்துவிட்டு வந்ததோடு சரி.

பிறகு ஒருநாள் காலையில் போன் செய்தார். "நைனா, ஒடனே வா." வேறு எதுவும் சொல்லவில்லை. குழாய் திரும்ப உடைந்துவிட்டதோ என்று பதறிக்கொண்டு ஓடினேன்.

வயலில் கூட்டம். பிளந்துகொண்டு உள்ளே போனேன். எல்லாரும் வட்டமாகக் குந்தியிருந்தார்கள். நடுவில், ஈரமான கட்டி ஒன்றின் கீழிருந்து ஒரு மண்புழு பாதி வெளியே வந்திருந்தது. அது தோலால் மூச்சு விடும் பிராணி. எண்ணெய் இருக்கிற மண்ணில் ஒருநாள்கூடத் தங்காது. கதிரேசன் சார் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவதற்காக மண்ணில் படுத்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்.

"மூஞ்சி தெரியற மாதிரி திருப்ப முடியுமா?" என்று கேட்டார்.

"எது மூஞ்சின்னு மொதல்ல நீங்க சொல்லுங்க" என்றார் டீக்கடைக்காரர். யாரோ ஒருவர் அதைக் கையில் எடுத்துப் பார்க்கக் குனிந்தார்.

முனிரத்தினம் அண்ணன் அவர் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார்.

"யாரும் தொடாதீங்க" என்றார். "அது வேலைக்கு வந்துகீது."